ஒரே பேஸ் இமேஜ், முப்பது மெஷின்: எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் ஸ்னாப்ஷாட்

முப்பது பேருக்கு லினக்ஸ் பயிற்சி. ஆளுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின், ஒவ்வொன்றுக்கும் 10 ஜிபி டிஸ்க். கையில் இருப்பதோ ஒரே சர்வர், அதில் 256 ஜிபி எஸ்எஸ்டி. கணக்குப் போட்டால் 300 ஜிபி வேண்டும், இடமே போதாது. இடம் இருந்தாலும் ஒரே இமேஜை (முழு டிஸ்க்கையும் அடக்கிய ஒரு கோப்பு) முப்பது தடவை காப்பி செய்து முடிப்பதற்குள் வகுப்புக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் அந்த முப்பது டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடப் போகின்றன? எல்லாவற்றிலும் அதே கெர்னல், அதே லைப்ரரிகள், அதே எடிட்டர். மாலையில் வகுப்பு முடியும்போது ஒருவர் தன் டிஸ்க்கில் மாற்றியிருப்பது பெரும்பாலும் சில நூறு எம்பிதான். மாறாமல் கிடக்கும் மிச்சத்தை எதற்கு முப்பது முறை வைத்திருக்க வேண்டும்?

வைத்திருக்கத் தேவையில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது. டிவைஸ் மேப்பர் என்ற பகுதி, 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலோடு வந்தது. அதில் ஸ்னாப்ஷாட் என்று ஒரு வகை உண்டு. மாறாத பேஸ் இமேஜ் ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக வைத்து, அவரவர் மாற்றத்தை மட்டும் அவரவர் மாற்றக் கோப்பில் எழுதிக்கொள்ளும் முறை அது. காப்பி-ஆன்-ரைட் என்பார்கள். எழுதும்போது மட்டும் நகலெடுப்பது என்று பொருள்.

நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது. பதிவான பத்திரத்தில் ஓர் எல்லை தப்பாகிவிட்டால், அந்தப் பத்திரத்தை அடித்துத் திருத்த யாராலும் முடியாது. பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுதிப் பதிவு செய்வார்கள். 'இன்ன எண்ணுள்ள பத்திரத்தில் இப்படி இருப்பதை இப்படி வாசித்துக்கொள்ளவும்' என்பதுதான் அதன் சாரம். சில பக்கங்களிலேயே முடிந்துவிடும். ஆனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனால் கடன் கிடைக்காது. மூலப் பத்திரத்தோடு சேர்த்து வைத்து வாசித்தால்தான் அதற்கு அர்த்தம். ஸ்னாப்ஷாட்டும் அப்படித்தான். அது ஒரு முழு டிஸ்க்கின் நகல் அல்ல, ஒரு திருத்தப் பட்டியல். புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன?

நாம் டிஸ்க் என்றால் கோப்புகளையும் ஃபோல்டர்களையும் நினைக்கிறோம். பிளாக் டிவைஸ் என்ற அளவில் அவை எதுவும் கிடையாது. எண் போட்ட பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு பெட்டிக்கு செக்டர் என்று பெயர், அளவு 512 பைட். 10 ஜிபி டிஸ்க்கில் 2,09,71,520 செக்டர்கள். எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பின் எந்தப் பகுதி இருக்கிறது என்பதெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கும் எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டத்தின் கவலை.

ஸ்னாப்ஷாட் ஒவ்வொரு செக்டராகக் கணக்கு வைப்பதில்லை. சில செக்டர்களை ஒன்றாகக் கட்டி, அதை சங்க் என்கிறது. இங்கே துண்டு என்றே வைத்துக்கொள்வோம். 8 செக்டர் ஒரு துண்டு என்றால் 4 கேபி. அப்போது நம் 10 ஜிபி டிஸ்க் 26,21,440 துண்டுகளாகிறது.

இனி இரண்டு விதிகள். மெஷின் ஒரு துண்டைப் படிக்கக் கேட்டால், கெர்னல் முதலில் திருத்தப் பட்டியலைப் பார்க்கும். அந்தத் துண்டு பட்டியலில் இருந்தால் மாற்றக் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இல்லையென்றால் பேஸ் இமேஜிலிருந்து. மெஷின் ஒரு துண்டில் எழுதக் கேட்டால், அது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மாற்றக் கோப்பில் அதே இடத்தில் எழுதிவிடும். இல்லையென்றால் மாற்றக் கோப்பில் காலியாக உள்ள அடுத்த துண்டை எடுத்து, பேஸில் இருப்பதை அங்கே நகலெடுத்து, அதன்மேல் புதியதை எழுதி, 'பேஸில் இத்தனாவது துண்டு இனி இங்கே' என்று பட்டியலில் ஒரு வரி சேர்க்கும்.

நகல் எதற்கு, புதியதை மட்டும் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். எழுத வருவது 512 பைட்டாக இருக்கலாம், துண்டோ 4 கேபி. மிச்ச 3,584 பைட் பேஸில் இருப்பதுபோலவே தெரிய வேண்டும் இல்லையா? அதற்குத்தான் நகல்.

பட்டியலும் மாற்றக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வரிக்கு 16 பைட். பழைய துண்டின் எண்ணுக்கு 8, புதிய இடத்தின் எண்ணுக்கு 8. ஆக 4 கேபி துண்டு ஒன்றில் 256 வரிகள் அடங்கும். ஒரு ஜிபி அளவுக்கு மாற்றம் செய்தால் பட்டியலுக்கு ஆகும் செலவு வெறும் 4 எம்பி. இந்தக் கணக்கை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு எளிய அமைப்பு இவ்வளவு வேலையைச் செய்கிறது.

கையால் ஒன்று செய்து பார்ப்போம்

பேஸ் இமேஜ் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 10 ஜிபி. லோசெட்டப் கமாண்டால் அதை, கோப்பை டிஸ்க் போலக் காட்டும் லூப் டிவைஸாக இணைக்க வேண்டும், படிக்க மட்டும் என்ற ஆப்ஷனோடு. இந்த ஆப்ஷனை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறது. அடுத்து ட்ரங்கேட் கமாண்டால் 2 ஜிபி அளவில் வெற்றுக் கோப்பு ஒன்று. இது ஸ்பார்ஸ் கோப்பு. பெயருக்கு 2 ஜிபி என்று காட்டும், எழுத எழுதத்தான் டிஸ்க்கில் இடம் பிடிக்கும். இதையும் இன்னொரு லூப் டிவைஸாக இணைக்க வேண்டும், எழுதும் அனுமதியோடு.

கடைசியாக டிஎம்செட்டப் கமாண்டுக்கு ஒரே ஒரு வரி கொடுக்க வேண்டும். அதில் இருப்பவை வரிசையாக: தொடக்க செக்டர் 0, மொத்த செக்டர் 20971520, ஸ்னாப்ஷாட் என்ற சொல், பேஸின் லூப் டிவைஸ், மாற்றக் கோப்பின் லூப் டிவைஸ், பி என்ற எழுத்து, கடைசியில் துண்டின் அளவு 8. பி என்றால் பட்டியலை மாற்றக் கோப்பிலேயே எழுதி வை, ரீபூட் ஆனாலும் இருக்கட்டும் என்று அர்த்தம். அதற்குப் பதில் என் என்று போட்டால் பட்டியல் சர்வரின் மெமரியில் மட்டும் இருக்கும், சர்வரை அணைத்தாலோ அந்த டிவைஸை நீக்கினாலோ எல்லாம் போய்விடும். ஒரு நாள் பயிற்சிக்கு அதுவே வசதி.

அவ்வளவுதான். புதிதாக ஒரு டிவைஸ் வந்திருக்கும். அளவு 10 ஜிபி. மவுண்ட் செய்து, அதாவது ஒரு ஃபோல்டரில் இணைத்துப் பார்த்தால், பேஸில் உள்ள அத்தனையும் அங்கே இருக்கும். காப்பி என்று எதுவும் நடக்கவில்லை, கமாண்டை அடித்த உடனே வந்துவிடுகிறது.

மவுண்ட் செய்வதற்கு முன்பே டிஎம்செட்டப்பிடம் நிலவரம் கேட்டுப் பாருங்கள். ஸ்னாப்ஷாட் என்ற சொல்லுக்குப் பிறகு 16/4194304, அடுத்து 16 என்று காட்டும். 4194304 என்பது மாற்றக் கோப்பின் மொத்த செக்டர்கள், அதாவது 2 ஜிபி. அதில் 16 செக்டர் செலவாகிவிட்டது: தலைப்புக்கு ஒரு துண்டு, பட்டியலின் முதல் பக்கத்துக்கு ஒரு துண்டு. கடைசியில் தனியாக நிற்கும் 16, அந்தச் செலவில் பட்டியல் வகைக்குப் போனது எவ்வளவு என்று சொல்கிறது. இப்போதைக்கு எல்லாமே பட்டியல்தான், ஒரு பைட் மாற்றம்கூட இல்லை.

இப்போது மவுண்ட் செய்யுங்கள். எதையும் தொடாமல் மறுபடி நிலவரம் கேளுங்கள். எண் ஏறியிருக்கும். நாம் ஒன்றும் எழுதவில்லையே என்று தோன்றும். எழுதியது ஃபைல் சிஸ்டம். கடைசியாக மவுண்ட் ஆன நேரம், எத்தனையாவது முறை என்ற எண், எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் என்று அதற்கு எழுத ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். ஒரு கோப்பைத் திறந்து படித்தால்கூட, படித்த நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் அதற்கு உண்டு. நோஏடைம் என்ற ஆப்ஷனோடு மவுண்ட் செய்தால் இந்தக் கடைசிச் செலவையாவது தவிர்க்கலாம்.

இன்னொரு சோதனை. 100 எம்பி கோப்பு ஒன்றை உருவாக்குங்கள், எண் அதற்கேற்ப ஏறும். அதை அழித்துவிடுங்கள். எண் இறங்காது. அழித்தேன் என்பது ஃபைல் சிஸ்டத்துக்குத்தான் தெரியும். கீழே இருக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கு, அந்தத் துண்டுகள் ஒருமுறை எழுதப்பட்டவை, பட்டியலில் இருப்பவை, அவ்வளவே. புதிய கெர்னல்களில் டிஸ்கார்ட் மூலம் (இந்த இடம் இனி வேண்டாம் என்று ஃபைல் சிஸ்டம் கீழே சொல்வது) அந்தத் துண்டுகளைப் பூஜ்யமாக்க ஓர் ஆப்ஷன் உண்டு, ஆனால் நாமாகக் கேட்டால்தான் வேலை செய்யும், அப்போதும் எண் இறங்காது.

இரண்டாவது மெஷின் வேண்டுமா? இன்னொரு வெற்றுக் கோப்பு, டிஎம்செட்டப்பில் இன்னொரு வரி. பேஸுக்கு அதே லூப் டிவைஸ். முப்பது வேண்டுமென்றால் முப்பது முறை, சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும். ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது. பேஸை எல்லோரும் படிக்கிறார்கள், யாரும் எழுதுவதில்லை. இன்னொரு லாபமும் இருக்கிறது. பேஸ் கோப்பின் ஒரு பகுதியை முதல் மெஷின் படித்துவிட்டால் அது சர்வரின் மெமரியில் தங்கிவிடும், அடுத்து கேட்கும் மெஷின்களுக்கு டிஸ்க் வரை போக வேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது. முப்பது மெஷினும் ஒரே நேரத்தில் பூட் ஆகும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

லினக்ஸில் டிஸ்க்குகளைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மின் ஸ்னாப்ஷாட் பழகியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அங்கே வழக்கமாக மூல டிஸ்க்கில்தான் வேலை தொடர்ந்து நடக்கும், ஸ்னாப்ஷாட் பழைய நிலையைக் காப்பாற்றி வைக்கும். அதனால் மூலத்தில் ஒரு துண்டு மாறும் முன் அதன் பழைய உள்ளடக்கத்தை ஸ்னாப்ஷாட்டுக்கு நகர்த்தியாக வேண்டும். ஐந்து ஸ்னாப்ஷாட் இருந்தால் ஐந்துக்கும். எண்ணிக்கை கூடக் கூட எழுதும் வேகம் விழும். நாம் பேசும் முறையில் மூலம் அசைவதே இல்லை என்பதால் அந்தச் சுமை கிடையாது.

பேஸில் கை வைத்தால்

இந்த முறையின் எல்லா நன்மையும் ஒரே ஒரு வாக்குறுதியில் நிற்கிறது: பேஸ் மாறாது. நான் அதை ஒருமுறை மீறியிருக்கிறேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, பன்னிரண்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பேக்கேஜை பேஸில் போட மறந்துவிட்டேன் என்று தெரிந்தது. பன்னிரண்டு இடத்தில் தனித்தனியாகப் போடுவதற்குப் பதில் பேஸில் ஒருமுறை போட்டால் எல்லோருக்கும் வந்துவிடும் என்று நினைத்தேன். பேஸ் கோப்பை இன்னொரு லூப் டிவைஸில் எழுதும் அனுமதியோடு இணைத்து, மவுண்ட் செய்து, பேக்கேஜைப் போட்டு, ஒழுங்காக அன்மவுண்டும் செய்தேன். அரைமணி நேரத்துக்குள் ஒவ்வொரு திரையாக 'ஸ்ட்ரக்சர் நீட்ஸ் க்ளீனிங்' என்று வர ஆரம்பித்தது. காலையிலிருந்து அவர்கள் செய்திருந்த வேலை போயிற்று. ஒரு பெண் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை முதல்முறையாகத் தானே எழுதி முடித்திருந்தார். அதை அவருக்குத் திரும்ப எடுத்துக் கொடுக்க முடியவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், அப்போதுதான் மனதில் பதியும். எக்ஸ்ட்4-இல் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்ற பதிவு உண்டு. கோப்பின் அளவு, உரிமையாளர், டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐநோட்டின் வழக்கமான அளவு 256 பைட். ஆக ஒரு 4 கேபி துண்டில் பதினாறு ஐநோட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மாணவர் ஒரு கோப்பை உருவாக்குகிறார். பதினாறில் ஒன்று நிரம்புகிறது, ஆனால் துண்டு முழுவதும் அவருடைய மாற்றக் கோப்புக்கு நகலாகிவிடுகிறது. அந்த நொடியிலிருந்து மற்ற பதினைந்தும் அவரைப் பொறுத்தவரை பழைய நிலையில் உறைந்துவிட்டன.

இப்போது நான் பேஸில் புதிய பேக்கேஜைப் போடுகிறேன். அதன் கோப்பு ஒன்றுக்கு அதே பதினாறில் இன்னொரு ஐநோட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயர் ஒரு டைரக்டரியில் எழுதப்படுகிறது. அந்த டைரக்டரியின் துண்டை மாணவர் தொட்டதில்லை, அதனால் பேஸிலிருந்து புதியது அவருக்குத் தெரியும். பெயர் தெரிகிறது. அது காட்டும் ஐநோட்டைத் தேடிப் போனால், மாணவரின் பழைய நகலில் அந்த இடம் காலி. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. இதைவிட மோசமானது, இருவருமே 'அடுத்த காலி ஐநோட்' என்று ஒரே எண்ணைப் பிடித்திருந்தால் நடப்பது. அப்போது நான் போட்ட புரோகிராமின் பெயரைத் திறந்தால் மாணவர் எழுதிய கோப்பு வந்து நிற்கும். இதோடு மெஷினின் மெமரியில் ஏற்கெனவே இருக்கும் பழைய துண்டுகளும் சேர்ந்துகொள்ளும். பாதி நேற்றைய டிஸ்க், பாதி இன்றைய டிஸ்க். எந்த ஃபைல் சிஸ்டமும் அதைத் தாங்காது.

அதனால்தான் படிக்க மட்டும் என்ற ஆப்ஷனை விடாதீர்கள் என்றேன். அதுவும் போதாது. என்னைப்போல் இன்னொரு லூப்பில் இணைக்க யாராலும் முடியும். சாட்டர் கமாண்டால் பேஸ் கோப்புக்கு மாற்றமுடியாதது என்ற குறியைப் போட்டுவிடுங்கள். ரூட்டாக இருந்தாலும், அந்தக் குறியை எடுக்காமல் எழுத முடியாது. குறியை எடுக்கும் அந்த ஒரு படி, என்ன செய்கிறோம் என்று யோசிக்க நேரம் கொடுக்கும்.

பேஸை உறைய வைக்கும் முன்பு கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் இருக்கின்றன. ஒழுங்காக அன்மவுண்ட் ஆன இமேஜாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மெஷினும் அதே ஜர்னலைத் திரும்ப ஓட்டி, அதே துண்டுகளைத் தன் கோப்பில் எழுதும், மொத்தம் முப்பது முறை. எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளை அழித்துவிடுங்கள், மெஷின் ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். சாவிகள் முதல் பூட்டில் புதிதாக உருவாகுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா லினக்ஸிலும் தானாக நடக்காது. இதைச் செய்யாவிட்டால் முப்பது மெஷினும் ஒரே அடையாளத்தோடு எழுந்திருக்கும். நெட்வொர்க்கில் இரண்டு மெஷினுக்கு ஒரே ஐபி கிடைத்து, காரணம் தெரியாமல் அரைநாள் தேடிக்கொண்டிருப்பீர்கள். பேஸில் இருப்பது எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால், ஒரே சர்வரில் இரண்டு ஸ்னாப்ஷாட்டை மவுண்ட் செய்யும்போது யுயுஐடி என்ற அடையாள எண் ஏற்கெனவே இருக்கிறது என்று இரண்டாவதை மறுத்துவிடும். நோயுயுஐடி ஆப்ஷன் கொடுத்தால் சரியாகிவிடும்.

மாற்றக் கோப்பு நிரம்பிவிட்டால்? டிஸ்க் நிரம்பியதுபோல 'இடமில்லை' என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நிற்காது. மேலே இருக்கும் ஃபைல் சிஸ்டத்துக்குத் தன்னிடம் 10 ஜிபி இருப்பதாகத்தான் தெரியும், 2 ஜிபி கணக்கு கீழே நடப்பது தெரியாது. நிரம்பிய கணத்தில் ஸ்னாப்ஷாட் மொத்தமும் செல்லாததாகிவிடும், நிலவரத்தில் 'இன்வேலிட்' என்று வரும். ஸ்பார்ஸ் கோப்பில் ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். முப்பது பேருக்கு 2 ஜிபி என்று 60 ஜிபி வாக்குக் கொடுத்துவிட்டு, சர்வரில் 40 ஜிபிதான் காலி என்றால், யாருடைய கோப்பும் நிரம்பாமலேயே விபத்து நடக்கும். அதனால் நிலவரத்தின் அந்த முதல் எண்ணையும் சர்வரில் காலியாக இருக்கும் இடத்தையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் வைப்பதை வசதியாக நினைக்காமல் அவசியமாக நினைக்கச் சொல்வேன்.

இதே யோசனை வேறு இடங்களில்

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட கியூஎம்யு என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் டிவைஸ் மேப்பரைத் தொடாமலே இதைச் செய்யலாம். அதன் கியூகவ்2 வகை டிஸ்க் கோப்பு ஒன்றை உருவாக்கும்போது பேக்கிங் ஃபைல் என்று பேஸைக் குறிப்பிட்டால் போதும். அங்கே துண்டுக்கு கிளஸ்டர் என்று பெயர், வழக்கமான அளவு 64 கேபி. தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். கோப்பு ஒன்றே ஒன்று, லூப் டிவைஸ் தொல்லை இல்லை. ஃபயர்கிராக்கர் போல கியூகவ்2 தெரியாத, சாதாரண முழு இமேஜோ பிளாக் டிவைஸோ மட்டும் கேட்கும் விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்களுக்கு டிஎம் ஸ்னாப்ஷாட் கைகொடுக்கும். ஃபெடோராவின் லைவ் யுஎஸ்பி நெடுங்காலம் இந்த முறையில்தான் ஓடியது. மாறாத இமேஜ் பென்டிரைவில், மாற்றங்கள் மெமரியில்.

ஒரு ஃபோல்டரின்மேல் இன்னொன்றை அடுக்கிக் காட்டும் ஓவர்லேஎஃப்எஸ் இருக்கிறதே, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் அதைத்தானே பயன்படுத்துகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அது கோப்பு அளவில் வேலை செய்கிறது. ஒரு கோப்பில் ஒரு பைட்டை மாற்றினாலும் முழுக் கோப்பையும் மேல் அடுக்குக்கு நகலெடுக்கும். சின்னச் சின்னக் கோப்புகளுக்கு அது பிரமாதம். 4 ஜிபி டேட்டாபேஸ் கோப்பில் ஒரு வரியை மாற்றும்போது 4 ஜிபியும் நகலாவதைப் பார்த்தால்தான் பிளாக் முறையின் அருமை தெரியும், இங்கே சில துண்டுகளோடு முடிந்துவிடும். மறுபக்கம், எந்தக் கோப்பு மாறியது என்று ஓவர்லேயில் ஒரு பட்டியல் கமாண்டில் பார்த்துவிடலாம், நம் மாற்றக் கோப்பில் அது தெரியவே தெரியாது.

பேஸைப் புதுப்பிக்கவே முடியாதா? முடியும், அதே கோப்பில் அல்ல. பழைய பேஸின்மேல் புதிய ஸ்னாப்ஷாட் ஒன்று போடுங்கள், அதில் பூட் செய்து அப்டேட்களை எல்லாம் முடியுங்கள், சாவிகளையும் ஐடியையும் மறுபடி சுத்தம் செய்து அணையுங்கள். பிறகு அந்த ஸ்னாப்ஷாட் டிவைஸை முழுதாக டிடி கமாண்டால் புதிய கோப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அது அடுத்த பேஸ். நான் கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டுவிடுவேன், மாற்றக் கோப்புகளின் பெயரிலும் அது எந்த பேஸைச் சேர்ந்தது என்று அதே தேதி இருக்கும். பழைய பேஸின்மேல் ஓடும் மெஷின்கள் பழையதிலேயே ஓடி முடியட்டும். கடைசி மாற்றக் கோப்பும் போன பிறகுதான் பழைய பேஸை அழிக்க வேண்டும். பேக்கப் எடுக்கும்போதும் மாற்றக் கோப்போடு அதன் பேஸையும் சேர்த்து எடுங்கள், பேஸ் ஒருமுறை எடுத்தால் போதும்.

மாலையில் வகுப்பு முடிந்ததும் டிவைஸ்களை நீக்கி, லூப்களைக் கழற்றி, முப்பது மாற்றக் கோப்புகளையும் அழித்துவிட்டு, முப்பது புதிய வெற்றுக் கோப்புகளை உருவாக்குகிறேன். பழையதையே மறுபடி பயன்படுத்துவதில்லை. அதன் தலைப்பு அப்படியே இருந்தால் நேற்றைய பட்டியலை கெர்னல் உண்மையென்று எடுத்துக்கொள்ளும். எல்லாம் சில நொடிகள். யாராவது 'சார், இன்றைக்குச் செய்தது எனக்கு வேண்டும்' என்று கேட்டால், அவருடைய மாற்றக் கோப்பை மட்டும் தனியாக எடுத்து வைக்கிறேன், பேஸின் தேதியோடு.